பாதைக்குக் கொடுத்த வீடு

கொட்டகலை
17.08.2025, ஞாயிறு

அன்பு மகள் பிரேமினிக்கு,

இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும் நேரத்தில் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டு அப்பா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும், அது உனக்குத் தெரிந்ததுதான். இங்கே மூன்று கிழமையாக வெயிலைக் காணவில்லை, துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காய்கிறது. லாபிர் முதலாளியின் மகள் ரிஃப்னா வருகிற வியாழக்கிழமை டோஹாவுக்கு, தன் வீட்டுக்காரரிடம் போகிறாள். அவள் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இருபத்தேழு வருசம் பஸ் மிதிபலகையில் நின்று ஊர் ஊராகக் கூவியவன் நான், ஆனாலும் சொந்த விசயம் என்று வந்தால் போனில் எனக்கு வாய் வராது. நீ வேலை இடைவேளையில் பேசுகிறாய், சாப்பிட்டாயா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் உனக்கு நேரம் முடிந்துவிடுகிறது. இதை அவசரத்தில் சொல்ல முடியாது, மகள்.

போன செவ்வாய்க்கிழமை நீ ஒரு படம் அனுப்பியிருந்தாய். ஒரு வார்த்தை எழுதவில்லை, படம் மட்டும். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், பக்கத்தில் பூச்சாடி, கட்டிலுக்கு நேரே பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையும் பனியும். கீழே இங்கிலிஷில் ஒரு நாளைக்கு இத்தனை டொலர் என்று போட்டிருந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை, ஏதோ நீ வேலை செய்கிற ஹோட்டலாக்கும் என்று நினைத்தேன். அம்மாதான் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தாள். ஜன்னல் சட்டத்தின் வலது மூலையில் நான் பெயின்ட் அடிக்கும்போது வழிந்து காய்ந்த இடம் அப்படியே இருந்ததாம். "நம்ம ஜன்னலுங்க" என்றாள். படத்துக்குப் பிறகு இன்று வரை நீ போன் எடுக்கவில்லை. ஆறு வருசம் ஹோட்டல் அறை அறையாக அடுத்தவர் கட்டிலை விரித்து, அந்தக் காசில் கட்டிய வீடு. "நான் துடைக்கிற ரூம்ல எல்லாம் பெரிய ஜன்னல் இருக்குப்பா, நமக்கும் ஒண்ணு அப்படி வைங்க" என்று நீ கேட்டு வைத்த ஜன்னல். நீ ஒரு நாள்கூட அதன் பக்கத்தில் நிற்கவில்லை. இப்போது எவரோ காசு கொடுத்து நிற்கிறார்கள். அது எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கு ஒழுங்காக வரும்.

நாம் அந்தக் காணியை வாங்கியபோது மொத்தம் பதினொரு துண்டு. மாயாண்டி வாங்கியது ஒன்றாவது துண்டு, பெரிய ரோட்டை ஒட்டி, சின்னப்பாலத்துக்குப் பக்கத்தில். நம்முடையது பதினோராவது, மலை உச்சியில். உச்சியை வாங்கியதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, அதுதான் மலிவு. பஸ்ஸிலிருந்து இறங்கி அரிசி மூட்டையை எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் அன்றைக்கு விலை சொன்னார்கள். இது எனக்குப் புதிது இல்லை. ஹட்டன் நுவரெலியா ரூட்டில் நான் ஓடத் தொடங்கிய காலத்தில் சின்னப்பாலத்தில் பஸ் நிற்காது. கிளினிக்குக்குப் போகிற ஒரு கர்ப்பிணிப் பிள்ளை கெஞ்சினாள் என்று ஒரு நாள் நிறுத்தினோம். அடுத்த கிழமை மூன்று பேர் இறங்கினார்கள். மூன்று பேர் நிற்கிற இடத்தில் லாபிர் பெட்டிக்கடை போட்டார். கடை இருக்கிற இடத்தில் டியூஷன் வகுப்பு வந்தது, டயர் ஒட்டுகிற கடை வந்தது, மாடிக் கட்டிடம் வந்தது, கடைசியில் பேங்க் ஒன்றும் வந்தது. பேங்க் வந்த வருசமே கட்டிடக்காரர் லாபிரின் வாடகையை இரட்டிப்பாக்கினார். கடையில் ஒரு தட்டுக்கூட மாறவில்லை, அதே சுவர், அதே ஒழுகல். நான் கோபமாகக் கேட்டபோது லாபிர் சிரித்தார். "வாடகை கடைக்கு இல்ல பொன்னையாண்ணே, கடைக்கு முன்னால நடக்கிற காலுக்குத்தான்" என்றார். அதை நான் மறக்கவே இல்லை. நடந்தது நம் ஆட்களின் கால். வாடகை வாங்கியது கட்டிடக்காரர். இந்த மலையில் நூற்றைம்பது வருசத்துக்கு மேலாக நம் ஆட்கள் நடந்து நடந்து, வெட்டி வெட்டி எவ்வளவோ மதிப்பு உண்டாக்கியிருக்கிறார்கள், கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லாததால் அது ஒன்றும் நம் பக்கம் திரும்பவில்லை. அதனால்தான் தோட்டத்து லயத்து அறையை விட்டு வெளியே ஒரு துண்டாவது சொந்தப் பெயரில் வேண்டும் என்று நான் அலைந்தேன். உன்னையும் அவ்வளவு தூரம் போகவிட்டேன்.

டீசல் இல்லாத வருசத்தில் காணியைக் கேட்க ஒரு ஆளும் வரவில்லை. விற்கிறேன் என்று போர்டு போட்டவர்கள் போர்டைக் கழற்றி அடுப்பெரித்தார்கள். பிறகு வெள்ளைக்காரர்கள் ரயிலில் தொங்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள், கூடவே கொழும்புக் கார்களும் வந்தன. போன வருசம் மாசி மாதம் தரகர் சின்னத்தம்பி கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் பணக்காரரை, மாத்தயாவைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு ஏறி வந்தார். நல்ல மரியாதையான மனிதர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் எப்படி, படி எத்தனை, மழைக்கு மண் இறங்குமா, ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய் உன் ஜன்னலுக்கு முன்னால் நின்றார். சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். எனக்கு விளங்கினாலும் சின்னத்தம்பி தமிழில் திருப்பிச் சொன்னார். "வீட்டுக்கு இல்லயாம், இந்த ஜன்னலுக்குத்தான் வெலையாம்." அரிசி சுமக்கிறவனுக்குக் கடைசித் துண்டாக இருந்தது, பார்க்க வருகிறவருக்கு முதல் துண்டாகிவிட்டது. மண் அதே மண்தான், தேடி வருகிற ஆள் மாறினால் விலை மாறுகிறது. அவர் சொன்ன தொகையைக் கேட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். மகள் கட்டிய வீடு, அவள் வந்து பார்க்காமல் விற்க முடியாது என்று நான் சொல்லி அனுப்பினேன். ஒன்பதாம் துண்டு, பத்தாம் துண்டுக்காரர்களும் அப்படியே சொன்னார்கள். அன்றைக்கு நான் உன்னிடம் போனில் இதைச் சொன்னபோது நீ ரொம்ப நேரம் சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா? "என் ஜன்னலுக்கு அவ்வளவு மதிப்பாப்பா" என்று கேட்டாய். அந்தச் சிரிப்பு சத்தத்தை அம்மா இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேலே விற்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் சின்னத்தம்பி கீழே மாயாண்டியிடம் போனார். நம் காணியின் பிளானை எடுத்துப் பார்த்தால் ஒரு போத்தல் மாதிரி இருக்கும். உள்ளே எல்லாம் பத்தடிப் பாதை, வாய் மட்டும் நாலடி. மாயாண்டியின் துண்டைத்தான் பழைய சொந்தக்காரர் முதலில் தனியாக விற்றார், அப்போதே எல்லையை ரோடு வரைக்கும் இழுத்து எழுதிக் கொடுத்துவிட்டார். இத்தனை வருசம் ஆட்டோவும் கல் லொறியும் மாயாண்டியின் வெறும் காணி மேலே ஏறித்தான் மேலே வந்தன. உன் வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும் வந்ததும் அந்த வழிதான். அவன் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை, நாங்களும் அது அவனுடைய காணி என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த ஒன்றாம் துண்டை வாங்கிச் சுற்றி மதில் கட்டினால் மேலே இருக்கிற பத்துக் குடும்பத்துக்கும் நாலடி நடைபாதைதான். வாகனம் ஏறாத காணிக்கு விலை விழும். கொஞ்ச நாளில் நாமே கீழே இறங்கி வந்து கொடுக்க வேண்டியிருக்கும், அதுவும் மாத்தயா சொல்கிற விலைக்கு. சட்டப்படி இதில் ஒரு பிழையும் இல்லை. சித்திரை முடிந்த கையோடு மாயாண்டி தன் எல்லையில் கம்பி கட்டினான், வாங்குகிறவருக்குக் காணி சுத்தமாக இருக்கிறது என்று காட்டுவதற்கு.

கம்பி கட்டி ஒன்பதாம் நாள் தனுஷிகாவுக்கு வலி கண்டது. உன்னோடு ஒரே வாங்கில் படித்தவள்தான், எட்டாம் துண்டு ராசம்மாவின் மகள், பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். பகல் இரண்டு மணி இருக்கும், கொட்டுகிற மழை. ஆட்டோ சின்னப்பாலத்தில் நின்றுவிட்டது, மேலே வர வழி இல்லை. பிளாஸ்டிக் கதிரையில் அவளை உட்காரவைத்து நாலு பேர் தூக்கினோம், கதிரையின் முன் காலைப் பிடித்தவன் நான். நாலடிப் பாதையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது, ஒருவர் கால் எப்போதும் சரிவில். ராசம்மா பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று வந்தாள். கம்பிக்கு நேரே வந்தபோது என் செருப்பு வழுக்கியது. கதிரை ஒரு பக்கம் சாய்ந்தது, தனுஷிகா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கை கிழிந்துவிட்டது, ஆனால் அதைப் பிடிக்காமல் இருந்திருந்தால் பாலத்துக்குக் கீழே போயிருப்பாள். ஆட்டோவுக்குள்ளேயே பிள்ளை பிறந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் இருக்கவில்லை. பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் தப்பினார்கள், முருகன் செயல். மாயாண்டியும் அங்கேதான் நின்றான், மழையில் நனைந்துகொண்டு, கம்பி பிடித்த கையிலிருந்து ரத்தம் வழிவதைப் பார்த்துக்கொண்டு. அவன் பெண்சாதி வேலாயிதான் தன் சேலையைக் கிழித்து அந்தக் கைக்குக் கட்டினாள்.

மறுநாள் ஆட்கள் எல்லோரும் மாயாண்டியோடு சண்டைக்குப் போனார்கள். நானும் போனேன். அவன் கத்தவில்லை. "எல்லாரும் என் காணி மேல ஏறித்தான் போறீங்க, வாறீங்க. பத்து வீடு எழும்பிருச்சு. எனக்கு ஒரு அத்திவாரம் மட்டுந்தான் இருக்கு, இன்னும் லயத்துலதான் கெடக்குறேன். ஒருத்தராவது மாயாண்டி உனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கீங்களா" என்றான். அவன் கேட்டது சரிதான். நாம் அவன் முதுகில் ஏறி நின்று உயரமாகிவிட்டு, அவன் கொஞ்சம் அசைந்தால் குறை சொல்கிறோம். எல்லோரும் போன பிறகு நான் மட்டும் நின்று கேட்டேன், உனக்கு என்னப்பா வேணும் என்று. "எனக்குக் காசு வேணாண்ணே. காசு வந்தா மகன் வாங்கிக்குவான். வேலாயிக்குக் கூரை ஒழுகாத ஒரு வீடு வேணும்" என்றான். வீட்டுக்கு நடந்து ஏறும்போதே எனக்குத் தோன்றிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். நம் வீட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு அவன் துண்டை நாம் எடுத்துக்கொண்டால் பாதையின் வாய் நம் கையில் இருக்கும், பன்னிரண்டடி விட்டு எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நம்ம வீடு இல்லங்க, பிள்ளைட வீடு. அவகிட்ட கேளுங்க" என்றாள்.

இதைத்தான் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கேட்டேன், ஆனால் கேட்கிற மாதிரிக் கேட்கவில்லை. உறுதி எழுதுவதற்கு முதல் நாள் சாயங்காலம் உனக்கு எடுத்தேன். பாதைப் பிரச்சினை இருக்கு, மாயாண்டியோட காணிக்கு மாத்திக்கலாம்னு இருக்கோம், உனக்குச் சம்மதமா என்று மூச்சு விடாமல் சொன்னேன். "சரிப்பா, நீங்க பாத்துச் செய்ங்க, டைம் முடிஞ்சிருச்சு" என்று நீ வைத்துவிட்டாய். வீடும் சேர்ந்துதான் போகிறது என்று உனக்கு விளங்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். திருப்பி எடுத்து விளக்கியிருக்கலாம். நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில் எடுக்கவில்லை. காலையில் நொத்தாரிசு வீட்டில் கையெழுத்துப் போட்டோம். பிறகு நீ விசயம் தெரிந்து கேட்டபோது, உன் சம்மதத்தோடுதானே செய்தேன் என்று சொன்னேன். அது பொய். பாதை செய்தது பிழை என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை, ஆனால் உன்னிடம் அப்படிச் சொன்னது பிழை. ஒரு தகப்பன் மகளுக்கு அப்படிச் செய்யக் கூடாது.

வீட்டை விட்டு இறங்கிய அன்றைக்கு அம்மா எல்லா அறையும் கூட்டித் துடைத்தாள். குடி வருகிறவர்கள்தானே துடைக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "நம்ம பிள்ளை துடைச்ச காசுல கட்டுன வீடு, தூசியோட குடுக்க மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு மாயாண்டியின் அத்திவாரத்து மேல் இரண்டு அறை எழுப்பித் தகரம் போட்டு இருக்கிறோம். அடுத்த மாதமே நில அளவைக்காரர் வந்து கல் நட்டார், பன்னிரண்டடி பாதை எல்லோர் பெயரிலும் பதிவானது. பத்துக் குடும்பமும் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி வேலை செய்தோம், பிறகு பிரதேச சபைக்காரர்கள் கொங்கிறீட் போட்டுத் தந்தார்கள். ராசம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது ஆம்புலன்ஸ் எட்டாம் துண்டு வாசல் வரைக்கும் போய் நின்றது. நான் பாதையோரத்தில் நின்று பார்த்தேன், ராசம்மா இப்போது சுகமாக இருக்கிறாள்.

பாதை வந்ததும் பதினொரு துண்டுக்கும் விலை ஏறியது, அதிகம் ஏறியது உச்சிக்கு. மாத்தயா திரும்ப வந்தார், இந்த முறை கார் ஜன்னலடி வரைக்கும் போனது. தை மாதம் மாயாண்டி நம் வாசலில் வந்து நின்றான், உள்ளே வா என்றால் வரவில்லை. "மாத்தயாவுக்கு வித்துட்டேண்ணே. வேலாயிக்கு உச்சிப் பனி ஒத்துக்கல, நெஞ்சு இழுக்குது, டொக்டரும் கீழ் நாட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. நீங்க குடுத்த வீட்ட நான் வித்துட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்கவில்லை, மகள். நான் விட்ட பாதையால் ஏறிய விலை, உன் ஜன்னலால் வந்த விலை, இரண்டையும் அவன் கையில் வாங்கிக்கொண்டு போகிறான். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். வேலாயிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவன் குடித்துவிட்டு அழுதான். யோசித்துப் பார்த்தால் அவன் முன்பு தன் காணியால் எங்களை எல்லாம் சும்மா ஏறவிட்டான், அந்த வருசங்களுக்கு நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. பாதை என்று ஒன்று போட்டால் அதன் பலன் யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று போடுகிறவன் தீர்மானிக்க முடியாது. பஸ்ஸை நிறுத்தியது நாங்கள், வாடகை வாங்கியது கட்டிடக்காரர். இதுவும் அப்படித்தான். ஆனால் நாலடிப் பாதையாகவே இருந்திருந்தால் இப்போது மேலே நம் ஆட்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இன்றைக்கு ஒன்பது குடும்பம் இருக்கிறது. விற்கிறவர்களும் தங்கள் விலையைத் தாங்கள் சொல்லி விற்பார்கள், துரத்தப்பட்டு விற்க மாட்டார்கள்.

நம் பங்குக்கும் ஒன்றும் இல்லாமல் போகவில்லை. ரோட்டு ஓரத்தில் ஒரு அறை இழுத்துக் கட்டினேன், பழைய இடத்து வாடகை தாங்க முடியாமல் லாபிர் முதலாளி அங்கே கடையை மாற்றிக்கொண்டார். வாடகையை அவரையே சொல்லச் சொன்னேன், அவர் என்னைச் சொல்லச் சொன்னார், கடைசியில் ஆமினா உம்மா, அவருடைய தாயார், இரண்டு பேரையும் ஏசித் தானே ஒன்றைச் சொல்லி முடித்தார். அது உன் பெயரில் பேங்கில் போகிறது, தொடவில்லை. இன்னொரு விசயம், இந்த வீட்டில் போனுக்கு சிக்னல் இல்லை. மேலே ஜன்னலடியில் நன்றாகக் கிடைக்கும், அதனால்தான் அம்மா அங்கே கதிரையைப் போட்டு நீ எடுக்கிற நேரத்துக்கு முன்னமே போய் உட்கார்ந்திருப்பாள். இப்போது உன் இடைவேளை நேரத்துக்குப் பாதையில் ஏறித் தண்ணீர் டாங்கியடியில் நிற்கிறாள், மழை என்றால் குடையோடு. நீ எடுக்காத இந்தக் கிழமையும் ஐந்தரை மணிக்குப் போனாள், ஆறேகாலுக்கு இறங்கினாள். அம்மா உன்னைக் கூப்பிடச் சொல்லி எழுதச் சொல்லவில்லை, நான்தான் எழுதுகிறேன்.

வத்தளையில் மாடிக் கட்டிடத்தில் பிளட் வீடு ஒன்று வாங்கலாம் என்று நீ முன்பு சொன்னதை நான் மறக்கவில்லை. உன் காசு, உன் விருப்பம், இந்த முறை நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் படத்தைப் பார்த்து வாங்காதே. பங்குனியில் தண்ணீர் வருகிறதா, ஐப்பசியில் தண்ணீர் நிற்கிறதா என்று அங்கே இருக்கிறவர்களிடம் கேள். பிளானில் பாதையின் வாயைப் பார். விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்று சொல்கிறவனை நம்பாதே, டீசல் இல்லாத வருசத்தை நினைத்துக்கொள். எந்த இடம் வளரும் என்று தெரிய வேண்டுமானால் கட்டிடத்தைப் பார்க்காதே, காலையில் எத்தனை பேர் அங்கே இறங்குகிறார்கள், சாயங்காலம் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று பார். வேலைக்கு மட்டும் வந்து போகிற இடத்துக்கு வாடகை இருக்கும், அடுப்பு இருக்காது. நீ அடுப்பு இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. அது இங்கேயாக இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு இப்போது வாய் இல்லை, ஆனாலும் மனசு அதைத்தான் கேட்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தலையைக் காயவிடாதே. ரிஃப்னாவிடம் மாசிச் சம்பலும் உனக்குப் பிடித்த கொச்சிக்காய்ப் பொடியும் அம்மா கொடுத்திருக்கிறாள், கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடுத்துச் சாப்பிடு. கோபம் இருந்தால் இருக்கட்டும், அதைப் போனில் எடுத்துச் சொல்லு, ஏசினாலும் பரவாயில்லை. முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனமும் உள்ள வாழ்க்கையைத் தரட்டும். லயத்தில் இருந்தவரை நமக்கு வந்த கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபீசில் மொத்தமாகக் கிடக்கும், நீ உயர்தரத்துக்கு எடுபட்ட கடிதமே பதினொரு நாள் பிந்தித்தான் நம் கைக்கு வந்தது. போன மாதம் சபைக்காரர்கள் பாதைக்குப் பெயர் வைத்து வீட்டுக்கு வீடு இலக்கம் அடித்துவிட்டுப் போனார்கள். நீ வரும்போது எவரிடமும் வழி கேட்க வேண்டாம், ஏறவும் வேண்டாம். இறங்கியதும் முதல் வீடு.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
சி. பொன்னையா
(அம்மாவும் கையெழுத்து வைக்கிறாள்: அம்மாக்கண்ணு)

இலக்கம் 1,
சின்னப்பாலம் வீதி,
கொட்டகலை.